டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் கஞ்சியா?

பினாங்கில் இருக்கிறோம். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல, "மீன், முட்டை, கோழி எதுவும் வேணாம்மா, கஞ்சி போதும்" என்றார்கள். சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகி வந்த காலத்தில் டாக்டரே புரதத்தைக் குறைக்கச் சொன்னவர்தான். ஆனால் டயாலிசிஸ் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

எங்களுக்குப் புரிய வைத்தவர் டயாலிசிஸ் மையத்தில் பக்கத்து நாற்காலி அங்கிள். அப்பாவைவிட மூத்தவர். ஊசி ஏற்றிய கை அசையாமல் இருக்கும், கால்கள் மட்டும் ஒரு சின்ன பெடலை மிதித்துக்கொண்டிருக்கும். "தம்பி, மிஷின் அழுக்கை மட்டுமா எடுக்குது? சத்தையும் சேர்த்துத்தான் எடுக்குது. நீங்க சாப்பிடலைன்னா உடம்பு உங்க சதையைக் கரைச்சிடும்" என்றார் அப்பாவிடம்.

டயட்டீஷியனும் அதையேதான் சொன்னார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். அப்பா 60 கிலோ, அப்படியென்றால் 60 முதல் 72 கிராம். கஞ்சியில் அது எங்கே கிடைக்கும்? இப்போது காலையில் முட்டை வெள்ளைக்கரு (மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம்), மதியம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன். கீரை, உருளைக்கிழங்கு என்றால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். பொட்டாசியம் குறையும். சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது, டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து.

பெலிம்பிங் பழம் (ஸ்டார் ஃப்ரூட், நட்சத்திரப் பழம்) ஒரு துண்டுகூட வேண்டாம். இங்கே பழக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, ஜூஸாகவும் விற்கிறார்கள். அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது. விருந்துக்குப் போனால் பழத்தட்டை நானே ஒருமுறை பார்த்துவிடுவேன்.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். அங்கிள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெடலை நிறுத்திவிடுவார். நேரம் போகப் போக உடம்பிலிருந்து நீர் இறங்கி, இரத்த அழுத்தமும் குறையக்கூடும் என்று மிஸ்ஸி (நர்ஸ்) விளக்கினார். டாக்டர் சம்மதித்த பிறகு அப்பாவும் தொடங்கினார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவில் மெதுவாக நடக்கிறார். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்ற இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் மட்டும் பசார் பையைத் தூக்க விடுவதில்லை. முன்பெல்லாம் நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். இப்போது கை ஊன்றாமலே எழுகிறார், எனக்கு அது பெரிய சந்தோஷம்.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்கள் மையங்களில் பெடல் வைத்திருக்கிறார்களா, இல்லை நாமே கொண்டு போக வேண்டுமா? பெரியப்பா அடுத்த மாதம் அங்கேதான் தொடங்கப்போகிறார்.