புதுப்பிப்பு: மழைக் கட்டங்களில் நான் விட்ட பிழை

போன கிழமை, வீட்டு மழைமானிக் கணக்கை ▁▂▃▄▅▆▇█ என்ற எட்டுக் கட்ட எழுத்துகளால் (நாளுக்கு ஒன்று; மழை கூடக் கட்டமும் உயரும்) ஒரு வரிப் படமாக்கிக் கமக்காரர் குழுவுக்கு அனுப்புவதாக எழுதியிருந்தேன். "69 மில்லிமீற்றர் பெய்த நாளுக்கு ஏன் உச்சக் கட்டமான █ இல்லை?" என்று மல்லாவித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பிழை என்னுடையதுதான்.

படத்தின் உச்ச அளவு 70 மில்லிமீற்றர். மழையை 70ஆல் வகுத்து, 7ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டினேன். 69க்கு 6.9 வந்து 6 ஆகிவிட்டது. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அது ஏழாவது கட்டம். எட்டாவது 70க்கு மட்டுமே. வெட்டாமல் கிட்டிய முழுவெண்ணுக்கு மாற்றிப் பார்த்தேன். நடுக் கட்டங்களுக்கு 10 மில்லிமீற்றர், இரு ஓரங்களுக்கும் ஐந்தைந்துதான். வரப்பை நகர்த்திக் காணி பிரித்த கதை! இப்போது 8ஆல் பெருக்கி வெட்டுகிறேன்; 70 வந்தால் மட்டும் எட்டாவதிலேயே நிறுத்துகிறேன். எல்லாக் கட்டங்களுக்கும் 8.75 மில்லிமீற்றர்.

மழையே இல்லாத நாளுக்கு வெறும் புள்ளி. தூறலும் வெயிலும் ஒரே ▁ ஆக நின்றது எனக்கே பொறுக்கவில்லை.

குளத்து மட்டத்துக்கு இது சரிவராது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் முழு மட்டம் 36 அடி. சுழியத்திலிருந்து அளந்தால் 36 அடியும் 32 அடியும் ஒரே █. சிறுபோகத்துக்கு (வறண்ட பருவப் பயிர்ச்செய்கைக்கு) அந்த நாலடி எவ்வளவு பெரிது! ஆகவே அதற்கு படத்தின் தொடக்க அளவைச் சுழியத்துக்குப் பதில் 20 அடியில் வைத்து, அதையும் வரியின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.