டெட்லாக்: 20 மேட்ச், 14 தோல்வி, விடவும் மனசு வரல

லாஸ்ட்ஹிட்_அண்ணன்:
பத்து வருஷமா டோட்டா 2 ஆடுறவன் நான், ரெண்டு அணி மோதிக்கற கேம். துப்பாக்கி கேம்னா குறியே நிக்காது. ஆபீஸ் தம்பி ஒருத்தன் ஸ்டீம்ங்கற கேம் கடைல டெட்லாக்ங்கற துப்பாக்கி கேமுக்கு இன்வைட் அனுப்பி, "அண்ணே, இது உங்க டோட்டாதான். என்ன, மேல இருந்து பாக்காம தோளுக்குப் பின்னாடி நின்னு பாக்கணும்"னான். நம்பி இறங்கிட்டேன்.

முதல் மேட்ச்ல கூரை மேல ஒளிஞ்சு நின்னு என்னையே மெச்சிக்கிட்டு இருந்தேன். எதிரணி ஹீரோ பீபாப் கொக்கியப் போட்டுக் கீழ இழுத்து, குண்ட ஒட்டிவிட்டுட்டுப் போயிட்டான்.

ஆனா அந்த சோல் உருண்டை இருக்கே! சோல்தான் இந்தக் கேம்ல காசு. தானா நடந்து வர்ற எதிரிச் சிப்பாய், அதான் ட்ரூப்பர், அதச் சுட்டுச் சாய்ச்சதும் உருண்டையா மேல மிதக்கும். அதையும் சுட்டாத்தான் முழு வரவு. எதிராளி முந்திட்டா டினை, அது நமக்குக் கிடைக்காது. ஒரு சின்ன உருண்டைக்காக ரெண்டு பேரும் பொட்டுவெடித் துப்பாக்கி வச்ச பசங்க மாதிரி சுட்டுக்கிறோம். டோட்டால டினை பண்றப்பகூட எனக்கு இப்படிப் படபடத்ததில்ல.

கடுப்பு, சோலக் குடுத்து ஐட்டம் வாங்கற கடைமேலதான். துப்பாக்கி, உயிர், ஸ்பிரிட் (ஹீரோவோட சக்தி)னு மூணு பக்கம். ஒரு ஐட்டத்தப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க பாதையக் காக்கற கார்டியன் காலி. சண்டைல எத்தன எஃபெக்ட்! யாரு அடிச்சான்னே தெரியாம செத்துருக்கேன்.

இன்னும் செதுக்கிட்டு இருக்கற கேம். இப்பக் கத்துக்கிட்டா வீணாப் போயிடுமா?

ஜிப்லைன்_ஜீவா:
மாறத்தான் செய்யும். 2024 ஆகஸ்ட்ல இதப் பண்ற வால்வ் கம்பெனி வெளிப்படையா அறிவிச்சப்ப நாலு லேன், அதாவது ட்ரூப்பர் நடந்து வர்ற பாதை. ஆறு பேர்ல ரெண்டு பேருக்குத் தனி லேன். எனக்கு அதுதான் உசுரு. 2025 பிப்ரவரில மூணு லேனாக்கி, லேனுக்கு ரெண்டு பேர்னு மாத்திட்டாங்க. ஒரு வாரம் துக்கம் அனுசரிச்சேன். ஆனா குறியும் ஓட்டமும் கைலயே நின்னுச்சு.

பனிப்பாதை:
அண்ணே, ட்ரூப்பரக் குத்திக் கொல்லுங்க, உருண்டையே வராது, முழுசும் உங்களுக்குத்தான். கடைல எதையும் படிக்காதீங்க, அடுத்தவங்க போட்டு வச்ச பில்ட் (எந்த ஐட்டம் வாங்கணும்ங்கற பட்டியல்) ஒண்ண எடுத்துக்கங்க. எதிரி கனமா குத்தக் கை ஓங்கினா எஃப் கீய அழுத்தித் தடுங்க. ரெண்டு நாள் மனுஷங்களோட வேணாம், கம்ப்யூட்டரே ஆடுற பாட்களோட மட்டும் ஆடுங்க.

சாப்பாட்டுக்கு_வா:
வேலைக்குப் போறவனுக்கு இது ஆகாது சார். போன ஞாயித்துக்கிழமை ஒரே மேட்ச் 51 நிமிஷம். இருபதாவது நிமிஷமே தோத்தாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா முடியல. தோசை வெறைச்சுப் போச்சு. முழுசா வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்.

லாஸ்ட்ஹிட்_அண்ணன்:
தோசை சார் சொல்றது நியாயம்தான். ஆனா நேத்து பில்ட் எடுத்துக்கிட்டு கெல்வின்ங்கற ஹீரோவா இறங்கினேன். எதிரணி ஹீரோ ஏப்ரம்ஸ் பாஞ்சு வந்து கை ஓங்கினான். கண்ண மூடிக்கிட்டு எஃப் அழுத்தினேன். அப்படியே மலைச்சுப் போய் நின்னான்! நானும் மலைச்சுப் போய் நின்னுட்டேன், சுட மறந்துட்டேன்.

15வது தோல்வி. தம்பிய இன்னிக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லிருக்கேன்.