அருவியில் கயிறு கட்டி இறங்கும் பயணம்: நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா?

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நாங்கள் சிலர், சேர்வராயன் மலைச்சரிவில் ஓடை வழியே நடந்தும், அருவிகளில் கயிற்றைப் பிடித்து இறங்கியும், மடுக்களை நீந்திக் கடந்தும் அடிவாரம் வந்துசேரும் ஒருநாள் பயணத்துக்குத் திட்டமிட்டுள்ளோம். அருவியில் தண்ணீர் நிறைந்திருக்கும் என்பதால் ஐப்பசி மாதமே ஏற்றது என்கிறார் ஏற்பாட்டாளர். எங்களில் மூவருக்கு நீச்சல் தெரியாது. அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தருவதாகவும், உயரத்துக்கு அஞ்சாதவராக இருந்தால் போதும் என்றும் அவர் சொல்கிறார். முன்பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

மலைவழி:
உயரத்தைவிட நீரைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். வறண்ட பாறையில் இறங்குபவரின் தலைமுடியோ துப்பட்டாவோ, கயிற்றில் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறங்கு கருவிக்குள் மாட்டிக்கொண்டால், உதவி வரும்வரை அவர் இடுப்பில் பூட்டிய ஹார்னஸ் பட்டையில் தொங்கியபடி காத்திருக்கலாம். கொட்டும் அருவிக்குள் அப்படிச் சிக்கியவருக்கு மூச்சுவிடவே இயலாது. சில நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். ஆகவே, ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மேலிருக்கும் வழிகாட்டி கயிற்றைத் தளர்த்தி அவரைக் கீழே இறக்கிவிடும் வகையில் கட்டுகிறாரா என்பதை முதலில் கேளுங்கள். மரத்தில் இறுக முடிந்துவிட்டு "பயப்படாமல் இறங்குங்கள்" என்று மட்டும் சொல்பவருடன் நான் போக மாட்டேன்.

கயிற்றின் நுனியையும் கவனியுங்கள். பாறையேற்றத்தில், கயிறு தீர்ந்து ஆள் விழுந்துவிடாதபடி நுனியில் முடிச்சிடுவது வழக்கம். மடுவில் முடியும் அருவியிலோ அதே முடிச்சு, நீரில் தத்தளிப்பவரைக் கயிற்றோடு பிணைத்துவிடும். அதனால் இங்கே கயிற்றை நீர்மட்டம்வரை மட்டும் அளந்துவிட்டு, நுனியை முடிச்சின்றி விடுவார்கள். இறங்குபவர் அதிலிருந்து நழுவி நீந்திச் சென்றுவிடலாம். இன்னொன்று, முதல் அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிவிட்டால் பெரும்பாலும் மேலே திரும்ப வழியிராது. நடுவில் கரையேறக்கூடிய இடங்களை ஏற்பாட்டாளரால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

ஆத்தூரான்:
ஐப்பசி என்பதை நான் ஏற்கவில்லை. கிளியூர் அருவியே ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் சீறிப் பாய்கிறது; அந்த வேளையில் அருவிக்குள் கயிறு போடுவது துணிச்சலாகாது. மேலே பெய்யும் மழை, பள்ளத்துக்குள் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் எங்கள் ஆணைவாரி முட்டல் அருவியில் திடீர் வெள்ளத்தில் சிக்கிய தாயையும் குழந்தையையும் கயிற்றின் உதவியால் மீட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் தணிந்து தெளிந்தபின் தை மாதத்தில் செல்லுங்கள். தண்ணீர் குளிரும் என்பதால் நனைந்தாலும் சூடு காக்கும் நியோபிரீன் உடை வேண்டும். பருத்திச் சட்டை உதவாது.

2018ஆம் ஆண்டின் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பின் மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
இருவருக்கும் நன்றி. தை மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். ஆனால் அந்த மூவரையும் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. லைஃப் ஜாக்கெட் இருந்தும் போதாதா?

நீச்சல் ஆசிரியை:
தம்பி, அசையாத மடுவில் ஜாக்கெட் போதும். அருவி விழும் இடத்தில் நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் உடல் வழக்கம்போல் மிதக்காது. அங்கே சுழலும் நீர், வெளியேற முயல்பவரை மீண்டும் அருவியை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர் பக்கவாட்டில் விலகி வெளியே வருவார், தெரியாதவர் பதறி நீரைக் குடித்துவிடுவார். தை மாதத்துக்கு இன்னும் நாள் இருப்பதால், மூவரையும் இப்போதே நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள். முகம் நீருக்குள் இருக்கும்போது பதறாமல் மூச்சை அடக்கவும், ஜாக்கெட்டுடன் மல்லாந்து மிதந்து காலால் உதைத்து நகரவும் அவர்கள் பழக வேண்டும். அதற்குப் பிறகும் அச்சம் தீராதவர், நீர் கொட்டாத பாறைச்சரிவில் மட்டும் கயிறு இறங்கிவிட்டு, மடுக்கள் தொடங்குமிடத்தில் கரையேறி நடந்துவிடலாம். குழுவுக்குக் குறைந்தது இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். முதலில் இறங்கிய ஒருவர் வீசுகயிற்றுடன் மடுவின் ஓரத்தில் நிற்க, மற்றவர் கடைசி ஆள் இறங்கும்வரை மேலே இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே வருவார் என்று ஏற்பாட்டாளர் சொன்னால், நீந்தத் தெரிந்தவர்களும் போக வேண்டாம்.