மறு: ஃபாலோ ஃபோகஸுக்குத் தமிழ்ச்சொல்

> 'பின்தொடர் குவியம்' எனலாம். கம்பியில்லாமல் இயங்குவதைத் 'தொலைக்குவியம்' எனலாம்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

படம் எடுக்கும்போது லென்ஸ் வளையத்தைத் திருப்பித் தெளிவைச் சரிசெய்ய உதவும் கருவிதான் ஃபாலோ ஃபோகஸ். அதைக் கம்பியில்லாமல் இயங்கும்படி இரண்டு மாதமாக வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் சொற்கள் எங்கே நெருடுகின்றன என்று சொல்லத் தோன்றியது.

முதலில் குவியம். பள்ளிப் பாடத்தில் அது இணையாக வரும் கதிர்கள் கூடும் புள்ளி. என்னிடம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸில் வளையத்தைத் திருகினால் கண்ணாடிகள் மொத்தமாக முன்னும் பின்னும் நகரும். குவியத் தொலைவு அதே 50தான். எவ்வளவு தூரத்தில் இருப்பது தெளிவாக விழும் என்பதுதான் மாறுகிறது. முழுச்சட்டக கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு உணரி உள்ளது) லென்ஸ் துளையை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்துவைத்து 2 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ. அவர் ஒரு எட்டு வைத்தால் முகம் மங்கிவிடும். அவர் நகர நகர வளையத்தையும் திருக வேண்டும். ஆக நமக்கு வேண்டியது புள்ளியின் பெயரில்லை, செயலின் பெயர்: குவிப்பு.

'பின்தொடர்' எனக்கு ஒட்டவில்லை. நடிகர் கேமராவை நோக்கி வரும்போது குவிப்பு அவருக்குப் பின்னால் போவதில்லை, கூடவே வருகிறது. 'தொடர் குவிப்பு' என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். கேமரா தானாகவே இடைவிடாமல் குவிக்கும் முறைக்கு அந்தச் சொல் வேண்டும், அதற்கே விட்டுவிடுவோம். 'தொலைக்குவியம்' என்றால் தொலைவில் இருப்பதைக் குவிப்பது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கம்பியில்லாத் தந்தி என்று நமக்குப் பழகிய வழக்கு இருக்கிறதே, 'கம்பியில்லா' போதும்.

ஒரே சொல் போதாது என்று எனக்குப் புரிந்தது ஒரு கோளாறால். கையில் ஒரு டப்பா: 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (கையால் திருப்பும் மின்தடை), ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணிப்பலகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. லென்ஸ் பக்கம் இன்னொரு நானோ, இன்னொரு ரேடியோ, படிப்படியாகத் திரும்பும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், 0.8 மாட்யூல் அளவுப் பற்கள் கொண்ட பல்சக்கரம். மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் 'ங்ங்' என்று முனகிக்கொண்டு நடுங்கியது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. பார்த்தால், பொட்டென்ஷியோமீட்டர் எங்கே நிற்கிறது என்பதற்கு நானோ தரும் எண் (0 முதல் 1023 வரை வரும்) 511, 512, 511 என்று ஒன்றிரண்டு தாவிக்கொண்டே இருந்தது. 16 அளவீடுகளின் சராசரியை எடுத்து, மூன்றுக்குக் குறைவான மாற்றத்தைப் பொருட்படுத்தாமல் விட்டதும் அடங்கியது.

இதைத் தமிழில் குறித்துவைக்க உட்கார்ந்தால் 'ஃபாலோ ஃபோகஸ் நடுங்குகிறது' என்றுதான் எழுத வந்தது. எது நடுங்கியது? கையில் இருந்ததா, லென்ஸில் மாட்டியதா? பழைய கருவியில் குமிழும் பல்சக்கரமும் ஒரே உடம்பு. கம்பியில்லாமல் ஆனதும் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

எனவே என் முன்மொழிவு: லென்ஸ் வளையத்தைத் திருப்புவது குவிப்புத்திருகி, கையில் பிடிப்பது குவிப்புக்குமிழ். வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பிய கைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். முழுத் தொகுதியையும் கம்பியில்லாக் குவிப்புத்திருகி என்றே சொல்லலாம்.

திருகுவது என்றால் இறுக்குவது என்று நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். குழாயைத் திருகித் திறக்கவும் செய்கிறோம், பிள்ளையின் காதைத் திருகவும் செய்கிறோம்; அங்கெல்லாம் எதையும் இறுக்குவதில்லை. 'சுழற்றி'தான் எனக்குப் பொருந்தவில்லை. சுழல்வது பம்பரம், இந்த வளையம் ஒரு முழுச்சுற்றுகூடப் போவதில்லை.

படப்பிடிப்பில் இந்தக் குவிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லரைக் 'குவிய இழுப்பாளர்' என்பதும் வேண்டாமே. அவர் எதையும் இழுப்பதில்லை. குவிப்பாளர் என்றால் போதும்.

அப்புறம், குமிழைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கும். ஒத்திகையில் நடிகர் நிற்கும் இடங்களுக்கெல்லாம் அதில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வார்கள். நான் ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி மாட்டியிருக்கிறேன். அதற்குக் 'குறிவளையம்' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். உங்களுக்கு வேறு நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள் ஐயா, மூடியில் இன்னும் பெயர் எழுதவில்லை.

அன்புடன்