வைஃபை மேக் அட்ரஸ் எங்க இருக்கு? அவசரம்

கடலோரப்பையன்: அண்ணே யாராச்சும் இருக்கீங்களா, ஹாஸ்டல் வைஃபைல சேக்க மேக் அட்ரஸ் (வைஃபை கார்டோட அடையாள நம்பராம்) கேட்டாங்க, லேப்டாப் அடியில ஸ்டிக்கர்ல இருந்தத எழுதிக் குடுத்துட்டேன், நெட் வரவே இல்ல. பரீட்சை ஃபீஸ் கட்ட நாளைக்கு கடைசி நாள்.

தங்கச்சிமடத்தான்: என்ன லேப்டாப் தம்பி? விண்டோஸா லினக்ஸா? ஸ்டிக்கர்ல எத்தன எழுத்து?

மண்டபம் சர்வீஸ்: உப்புக்காத்துதான். போன மாசம் பாம்பன்லருந்து வந்த ஒண்ண தொறந்தா, வைஃபை கார்டுல ஆண்டெனா ஒயர் மாட்டுற முனை பச்ச பூத்துக் கெடக்கு. கழட்டித் தொடச்சுப் பாரு.

கீழக்கரை நெட்: இத எத்தன தடவ எழுதுறது, பழச படிச்சுட்டு வரமாட்டீங்களா. மேக் அட்ரஸ்னா 12 எழுத்து, 0லருந்து 9, ஏலருந்து எஃப், அவ்வளவுதான், அதத்தாண்டி வேற எழுத்து இருந்தா அது மேக் அட்ரஸ் இல்ல, சீரியல் நம்பரா இருக்கும். சிஎம்டில, அதான் கமாண்ட் அடிக்கிற கருப்பு விண்டோல, கெட்மேக் அடிச்சு ஒரு எடம் விட்டு ஸ்லாஷ் வி போடு. ஈதர்நெட், ப்ளூடூத், வைஃபை மூணுக்கும் தனித்தனி நம்பர் வரும், வைஃபை வரிய மட்டும் எடு.

கடலோரப்பையன்: விண்டோஸ் 11ண்ணே. வைஃபை வரில நம்பர் டிஏன்னு ஆரம்பிக்குது, குடுத்துரவா?

தேவிபட்டினம் அக்கா: குடுக்காத தம்பி! ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இதுல ஒண்ணா இருந்தா அது கார்டு கம்பெனி போட்ட நம்பர் இல்ல, பெரும்பாலும் விண்டோஸ் தானா போட்டுக்கிட்டதா இருக்கும், மாறக்கூடும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுக்குள்ள வைஃபை, அங்க ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்னு இருக்கும், ஆஃப் பண்ணு. வைஃபைய ஒரு தடவ அணைச்சுப் போட்டுட்டு மறுபடி கெட்மேக் பாரு.

மண்டபம் சர்வீஸ்: அதெல்லாம் சரி, கார்டையும் ஒருதடவ பாக்கட்டும்.

கீழக்கரை நெட்: கார்டு செத்திருந்தா அந்த வரியே வந்திருக்காது. விவரம் தெரியாம திருப்புளிய எடுக்கச் சொல்லாதீங்க.

மண்டபம் சர்வீஸ்: ஆடி மாச கச்சான் காத்துல ஒரு வாரம் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வந்து இருந்து பாருங்க, ஜன்னல் கம்பியே இத்துப்போவுது.

தங்கச்சிமடத்தான்: வடகடலு (பாக் நீரிணை) மட்டும் என்னவாம், மார்கழி வாடைக்கு எங்க வீட்டு பிரிட்ஜ் பின்பக்கம் பொரிஞ்சு உதிருது.

கடலோரப்பையன்: அக்கா, ஆஃப் பண்ணதும் வேற நம்பர் வந்துச்சு, வார்டன்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். நன்றி.

தேவிபட்டினம் அக்கா: நெட் வந்துச்சா? ஃபீஸ் கட்டிட்டியாப்பா? ஒரு வரி போடு.