அம்மாவோடு கெக் லோக் சி போய்வர யோசனை தேவை

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பினாங்கு ஆயர் ஈத்தாம் மலையில் இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்கிறார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, கருணைத் தெய்வமான குவான் யின் அம்மனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வந்த ஆசை அது. இந்த மாதமே கூட்டிப்போக நினைக்கிறேன்.

காலை ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் ஜெட்டியில் 204 பஸ் என்பது என் திட்டம். ஒரே நாளில் திரும்ப வேண்டும். இது அம்மாவுக்கு அலைச்சலாகிவிடுமா, வேன் எடுப்பதுதான் நல்லதா?

பெரிய கவலை அவர் முழங்கால்தான். 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலைக்குச் சாய்வு லிப்ட் உண்டு. ஆனால் அந்த லிப்ட் வரை எவ்வளவு படி ஏற வேண்டும்? கடைத்தெரு வழியாக நடக்காமல் காரில் நேரே மேலே போய் இறங்கலாமா? சக்கர நாற்காலி கொண்டுபோனால் பயன்படுமா?

1930இல் கட்டி முடித்த ஏழு நிலை பகோடாவை, சீன அடித்தளம், தாய்லாந்து நடுப்பகுதி, பர்மிய முடி என்று மூன்றும் சேர்ந்திருப்பதை, அம்மா கீழே நின்று பார்த்தாலே போதும். ஏற வைக்க மாட்டேன்.

வயதானவர்களைக் கூட்டிப்போனவர்கள் எந்த நேரத்தில் போனீர்கள், எங்கே உட்கார்ந்து இளைப்பாறினீர்கள் என்று சொல்லுங்கள். அம்மா சைவம், பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.