ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஜங்ஷன் பாக்ஸ் இருக்கு, மூடிடலாமா?

புதுச்சாவி:
ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம். சட்டம் அடித்தாயிற்று, நாளை மறுநாள் ஜிப்சம் போர்டு ஏறும். மேலே கான்கிரீட் தளத்தில் ஒரு பழைய ஜங்ஷன் பாக்ஸ் (வயர்களை இணைத்துப் பிரிக்கும் பெட்டி) இருக்கிறது. இரண்டு படுக்கையறை லைன்களும் அதிலிருந்துதான் பிரிகின்றன. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு ஜாயின்ட், எல்லாமே முறுக்கி டேப் சுற்றியவை. ஒன்றில் டேப் பசை விட்டு அவிழ்ந்து தொங்குகிறது.

சீலிங் ஆள், "எல்லா வீட்டிலும் இப்படித்தான் மூடுறோம், நடுவுல திறந்து பார்க்கக் கதவு வெச்சா அழகு போயிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதற்கு விதி ஏதாவது உண்டா? புது டேப் சுற்றி மூடினால் போதுமா?

பழைய வயர்மேன்:
தம்பி, மூடாதீங்க. 27 வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஒரு வீட்டில ஃபேன் போட்டா லைட் மங்குதுன்னு கூப்பிட்டாங்க. ஸ்விட்ச் மாத்தினேன், ஹோல்டர் மாத்தினேன், சரியாகல. எங்கேயோ நியூட்ரல் லூஸ். ஆனா பாக்ஸ் எங்கேன்னு வீட்டில யாருக்கும் தெரியல. பைப்புக்குள்ள ஸ்பிரிங் விட்டு, எங்கே முட்டுதுன்னு அளந்து, கடைசியில போர்டை அறுத்தோம். பாக்ஸ் மூடி பழுப்பாகி வளைஞ்சிருந்தது. நியூட்ரல் ஜாயின்ட்ல ஒரு விரல் நீளத்துக்கு இன்சுலேஷன் கரியாகி, தொட்டதும் பொடியா உதிர்ந்தது. அதுவரைக்கும் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினா தானா அணையுற ஸ்விட்ச்) ஒரு தடவைகூட விழல.

விழவும் விழாது. ஜாயின்ட் லூஸானா கரண்ட் கூடாது, அந்த இடத்தில தடைதான் கூடும். அரை ஓம் தடையில 10 ஆம்பியர் போனா 50 வாட் சூடு. ஈயத்தை உருக்குற சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான்! கரண்ட் கசிஞ்சா அணைக்கிற ஆர்.சி.சி.பி.யும் காப்பாத்தாது; போற கரண்டும் திரும்புற கரண்டும் சமமாத்தானே இருக்கு. கண்ணால பார்த்து, கையால இறுக்கிப் பார்த்தாத்தான் தெரியும். விதி இருக்கிறதே அதுக்காகத்தான்.

அமெரிக்காவோட வயரிங் விதித்தொகுப்பான என்.இ.சி.யில 314.29-ஆம் பிரிவு, கட்டடத்தோட எந்தப் பகுதியையும் பெயர்க்காம பாக்ஸுக்குள்ள இருக்கிற வயரிங்கை எட்ட முடியணும்னு சொல்லுது. பன்னாட்டு வயரிங் தரமான ஐ.இ.சி. 60364-லயும் அதேதான்: இணைப்புகள் ஆய்வுக்கும் சோதனைக்கும் பராமரிப்புக்கும் எட்டுற இடத்தில இருக்கணும். தூக்கி எடுக்கக்கூடிய ஓடு சீலிங்னா அதுக்கு மேல பாக்ஸ் இருக்கலாம். ஒட்டிப் பூசுற ஜிப்சம் அப்படி இல்லை.

புது டேப் சுத்துறது தீர்வே இல்ல. டேப் மேலே போர்வை மாதிரி, உள்ளே பிடி வேணும். முதல்ல ஜாயின்ட்டைக் குறைக்கப் பாருங்க: ஸ்விட்ச் போர்டுல இருந்தே அறைக்கு முழு வயரா இழுத்தா நடுவுல ஜாயின்ட்டே வராது. மிஞ்சுறதுக்கு நல்ல கனெக்டர் போட்டு, வயரை ஒரு சாண் நீளமாவது விட்டு, ஸ்க்ரூ மூடி போடுங்க. நேர் கீழே 12 அங்குலச் சதுரத்தில ஒரு கதவு வைங்க. கை மட்டும் நுழைஞ்சா போதாது, முகமும் டார்ச்சும் நுழையணும்.

கேபிள்:
அந்த இடத்தில் டவுன்லைட் வந்தால், அதைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக வேலை செய்யலாமே?

பழைய வயர்மேன்:
எல்லாரும் கேக்கிறதுதான் இது. மூணு அங்குல ஓட்டையில ரெண்டு கையும் போகாது. ஒத்தைக் கையால, கண்ணுக்குத் தெரியாம ஜாயின்ட் போட்டா அது எப்படி இருக்கும்? வேற பாக்ஸை எட்டுறதுக்கு சீலிங்குக்குள்ள புதைச்ச லைட்டோட ஓட்டையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு என்.இ.சி. தனியாவே சொல்லியிருக்கு.

திருகாணி:
ஒரு சிறு திருத்தம். பிரிட்டனின் பி.எஸ். 7671 விதியில் விலக்கு உண்டு. பராமரிப்பே தேவைப்படாதது என்று எம்.எஃப். குறியிட்ட ஸ்பிரிங் கனெக்டர் பாக்ஸ்களை மறைவிடத்தில் வைக்கலாம். ஸ்க்ரூ டெர்மினலுக்கு இது பொருந்தாது, முறுக்கின ஜாயின்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய வயர்மேன்:
சரியாச் சொன்னீங்க. பழைய வயர் கடினமாகி நுனி கறுத்திருந்தா நான் அதையும் நம்பி மூடமாட்டேன்.

புதுச்சாவி:
நன்றி அண்ணே. இன்று எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு அறைக்கும் முழு வயர் இழுத்தார். ஆறு ஜாயின்ட் இரண்டாகிவிட்டது. தொங்கிய டேப்பைப் பிரித்தபோது ஒரு வயர் அப்படியே கையோடு வந்தது, நுனி நீலம் பாரித்திருந்தது. அதைச் சீலிங் ஆளின் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் ஏணியில் ஏறிக் கதவுக்குச் சட்டம் வெட்ட ஆரம்பித்தார்.